ஆமையின் முதுகில் ஓர் ஆசனம்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைக் குடித்தனத்தில், பூஜை அலமாரிக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்த பலாமரப் பலகை ஒன்று இருந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து உத்தியோகம் தேடி ரயிலேறியபோது டிரங்குப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி என் தகப்பனார் கொண்டுவந்த மிகச் சில பொருள்களுள் அது ஒன்று. ஒரு முனையில் தலையும் மறு முனையில் வாலும் நான்கு மூலைகளில் பாதங்களுமாக அதை ஆமை வடிவில் செதுக்கியிருந்தார்கள். ஆகையால், குழந்தைகளாகிய எங்களுக்கு அதன்மேல் ஏறி உட்கார எப்போதும் ஓர் ஆசையும், உட்கார்ந்தால் கிடைக்கக்கூடிய குட்டைப் பற்றி எப்போதும் ஓர் அச்சமும் இருந்துவந்தன. தளம் சற்றே மேடுபள்ளமாக இருந்தபடியால் ஆமையின் பின்னங்கால் ஒன்று தரையைத் தொடாது. செய்தித்தாள் ஓரத்தைக் கிழித்து எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் அப்பா சந்தியாவந்தனத்துக்கு உட்காருவார். அப்படியும், தண்டவாளத்தில் விரைவு வண்டி ஒன்று போகும்போது கட்டடம் முழுவதும் மெல்ல அதிரும். கும்பகத்தில் மூச்சை நிறுத்தி, மூக்கைப் பிடித்த விரல் பிடித்தபடியே அவர் இருக்க, ஆமை மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

வைதிகர்கள் ஜபத்துக்கோ பூஜைக்கோ அமருமுன் ஆசனத்துக்கென்று தனியாக ஒரு மந்திரம் சொல்வது வழக்கம். மற்ற மந்திரங்களைப் போலவே இதற்கும் ரிஷி, சந்தஸ், தேவதை மூன்றும் உண்டு. ரிஷி மேருபிருஷ்டர், சந்தஸ் சுதலம். பூமாதேவியை விளித்துச் சொல்லும் மந்திரமாயிருந்தும் தேவதை மட்டும் கூர்மம். உபநயனமான புதிதில் இந்த முரண்பாடு எனக்குப் பிடிபடாமல் அப்பாவிடம் கேட்டேன்.

"பூமியைத் தாங்கறது யாரு? அவருக்குத்தானே மொதல் நமஸ்காரம்" என்றார்.

"ஆமை எதுமேல நிக்கறதுப்பா?"

"தண்ணியிலே."

"தண்ணியிலே எப்படி நிக்கும்?"

"நிக்காதுடா. மிதக்கும்."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகு, என் தமக்கை மகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, காற்றடைத்த ஒரு பலகையின்மேல் உப்பங்கழி நீரில் மண்டியிட்டபோதுதான் அந்த உரையாடல் முழுவதும் திரும்பவும் காதில் விழுந்தது. பேடில்போர்டு என்று பயிற்றுநர்கள் சொல்லும் துடுப்புப் பலகையை நங்கூரமிட்டு நிறுத்தி, அதன்மேல் யோகாசனம் பழகுவது இந்நாளில் உலகமெங்கும் பரவிவரும் ஒரு வழக்கம். இதைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு, புதுமை என்று வியப்பவர்களும் உண்டு. இரு சாராரும் ஆசனத்தின் சரித்திரத்தைச் சற்று மறந்துவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டாயிற்று. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான பகுதி ஒன்று நம் பம்பாயிலேயே நடந்தது என்பதால் அதை எழுதவும் துணிந்தேன்.

ஆசனம் என்ற சொல்லுக்கு முதற்பொருள் இருக்கை. உடலை வளைத்து நிறுத்தும் நிலை என்ற பொருள் பின்னால் வந்து முன்னதை விழுங்கிவிட்டது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும் திருமூலர் இதையே ஆதனம் என்று தமிழாக்கிக்கொண்டார். பதஞ்சலி ஆசனத்துக்குக் கொடுக்கும் இலக்கணம் ஸ்திரம், சுகம் என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. கீதையின் ஆறாம் அத்தியாயமோ, சுத்தமான இடத்தில், மிக உயராமலும் மிகத் தாழாமலும், தர்ப்பையும் மான்தோலும் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அசையாத இருக்கை அமைக்கச் சொல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹட யோகப் பிரதீபிகையை இயற்றிய ஸ்வாத்மாராமர் இன்னும் கறாரான மனிதர். சிறிய வாசலும், ஓட்டையற்ற சுவர்களும், சாணமிட்டு மெழுகிய தரையும் கொண்ட குடிலைத் தவிர வேறிடத்தில் யோகாப்பியாசத்தை அவர் கற்பனை செய்யவே இல்லை. ஆக, நூல்கள் எல்லாம் தரை ஆடக்கூடாது என்பதில் ஏகமனதாக இருக்கின்றன.

இருந்தும் அந்த நூல்களுக்குள்ளேயே நீர் கசியும் இடங்கள் இரண்டு உண்டு. குடிலுக்கு அத்தனை லக்ஷணம் வகுத்த அதே ஸ்வாத்மாராமர், இரண்டாம் உபதேசத்தில் பிளாவினி என்ற கும்பகத்தைச் சொல்லும்போது, வயிறு நிறையக் காற்றைக் கொண்டவன் ஆழமான நீரிலும் தாமரை இலைபோல் சுகமாக மிதப்பான் என்று எழுதிவிட்டுப் போகிறார். பதஞ்சலி, விபூதி பாதத்தில், தொண்டைக்குக் கீழேயுள்ள கூர்ம நாடியில் மனத்தை ஒருமுகப்படுத்திச் சம்யமம் செய்பவனுக்கு ஸ்திரத்தன்மை சித்திக்கும் என்கிறார். அசையாமையை எங்கே தேடுவது என்ற கேள்வி வந்தபோது மலையையோ பாறையையோ நினைக்காமல் ஆமையை நினைத்தார் என்பது, பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலை மூழ்கியதையும் அதைத் தாங்க ஒரு கூர்மம் வேண்டியிருந்ததையும் அறிந்த நமக்கு, அவ்வளவு வியப்பாக இருக்கவேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், தாமிரவருணியில் பத்மாசனம் போட்டபடியே மல்லாந்து, வயிற்றின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு அரைமணி நேரம் மிதக்கும் ஒரு கிழவரைப் பார்த்திருக்கிறேன். அவரை ஊரில் யாரும் யோகி என்று சொன்னதில்லை. நீச்சல் தெரிந்தவர் என்பார்கள், அவ்வளவுதான்.

குகையிலும் மடத்திலும் குருவின் காலடியிலும் ஒளிந்திருந்த இந்த வித்தை, சம்பளக்காரனும் சம்சாரியும் வந்து கற்கக்கூடிய ஒரு பொதுப் பாடமாக மாறியது எப்போது, எங்கே என்று கேட்டால், பம்பாய்க்கு வடமேற்கே வெர்சோவா கடற்கரையில், 1918ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி என்று திட்டமாகச் சொல்லலாம். அந்த வருஷம் பம்பாய்க்கு நல்ல வருஷமன்று. ஜூன் மாதம் துறைமுகம் வழியாக நுழைந்த இன்ஃப்ளுவென்சா, ஊரின் பெயரையே தாங்கிப் பம்பாய்க் காய்ச்சல் என்று அழைக்கப்பட்டு, நாடெங்கும் பரவி லக்ஷக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது. சூரத் பக்கத்திலிருந்து வந்து செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மணிபாய் ஹரிபாய் தேசாய் என்ற வாலிபர் முதலில் குஸ்தியிலும் தேகப்பயிற்சியிலும் மோகம் கொண்டவர். நர்மதைக் கரையில் மால்சரிலே ஆசிரமம் அமைத்திருந்த பரமஹம்ச மாதவதாஸரைச் சந்தித்ததும் கல்லூரியை விட்டு அவரிடம் போய் யோகம் கற்று, ஆனால் காவி உடுக்காமல் திரும்பிவந்தார். தாதாபாய் நௌரோஜி தம் கடைசி நாட்களைக் கழித்த வெர்சோவா இல்லத்தில், அப்பெரியவர் காலமான மறுவருஷம், இந்த இருபத்தொரு வயதுப் பிள்ளை யோக ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஸ்ரீ யோகேந்திரர் என்று பிற்காலத்தில் உலகம் அறிந்தது இவரைத்தான்.

வெர்சோவா அன்று நகரத்தைச் சேர்ந்ததன்று. தென்னையும், கோலியரின் படகுகளும், மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டுக் காயவைத்த பொம்பில் மீனுமாக இருந்த ஒரு செம்படவக் குப்பம் அது. சுத்தமான காற்றை ஆழ்ந்து உள்ளிழுக்கும்படி போதிக்கப்பட்ட முதல் மாணாக்கர்கள் அந்தக் கருவாட்டு வாசனையை எப்படிச் சமாளித்தார்கள் என்று சரித்திரம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நடந்து பழகியவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மீது ஓர் அனுதாபம் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஓட்டையில்லாச் சுவருக்குள் பயில வேண்டியதை அலையோசை கேட்கும் இடத்தில், தீட்சையும் ரகசியமும் இல்லாமல், வந்தவர்க்கெல்லாம் கற்பித்தது அல்லவா பெரிய துணிச்சல்? அதற்கு அடுத்த வருஷமே யோகேந்திரர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயார்க் ராஜ்யத்துப் பேர் மவுண்டனில் ஒரு கிளை அமைத்தார். 1924இல் ஊர் திரும்பியவருக்கு, இந்தியர்களுக்குக் கதவடைத்த அந்த வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தால் மறுபடி போக முடியாமற் போயிற்று. அவருடைய மனைவி சீதாதேவி பெண்களுக்கென்றே ஒரு யோகநூலை 1934இல் வெளியிட்டார். ஸ்தாபனம் 1948இல் சாந்தாகுரூஸுக்கு இடம் மாறி இன்றும் அங்கேயே நடக்கிறது.

யோகேந்திரருக்கு வெர்சோவா என்றால் சுவாமி குவலயானந்தருக்கு மெரீன் டிரைவ். ஜகந்நாத கணேச குணே என்ற பூர்வாசிரமப் பெயர் கொண்ட இவரும் மாதவதாஸரின் சிஷ்யரே. 1924இல் லோணாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, வயிற்றுப் பயிற்சிகளான நௌலியையும் உட்டியாணத்தையும் எக்ஸ்ரே படமெடுத்துப் பரிசோதித்த விஞ்ஞான சிரத்தையாளர். 1932இல் பம்பாயில் ஆரம்பமான அதன் கிளை, பிறகு சர்னி ரோடு நிலையத்துக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி நிலைத்தது. அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில்பாதைக்கு மேற்கேயுள்ள அப்பிரதேசம் ஒருகாலத்தில் கடலாயிருந்தது; மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்து எடுத்த நிலம். அசையாத ஆசனம் பயில வருகிறவர்கள் அங்கே உட்காருவது சமுத்திரத்தின் மடியில்தான்.

அதைச் சொல்லப்போனால் இந்த நகரமே அப்படித்தான். ஏழு தீவுகளை வெல்லார்டு என்ற அணைகளால் இணைத்து, இடைப்பட்ட நீரை மண்ணால் நிரப்பி உண்டாக்கிய பூமி இது. எங்கள் மாதுங்காவும் விலக்கன்று. 1896இல் பிளேக் நோய் வந்து நகரத்தைக் கலக்கிய பிறகு, 1898இல் ஏற்பட்ட இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், தாதரிலிருந்து சயன் வரை வயலும் சதுப்புமாகக் கிடந்த தாழ்நிலத்தை உயர்த்தி, வீதி வகுத்து, மனை பிரித்தது. அந்த மனைகளில் எழுந்த கட்டடங்களில்தான் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த சுருக்கெழுத்துக்காரர்களும் கணக்கர்களும் குடியேறினார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1927இல் பஜன சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகமும் அவர்களால் தோன்றின. மாதுங்காவை அடுத்த தாராவியின் கதை இன்னும் உருக்கமானது. 1909இல் வெளியான பம்பாய் கெஜட்டியர் நகரத்தின் பெரிய கோலிவாடாக்கள், அதாவது கோலியர் குப்பங்கள், ஆறில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. படகு விடும் கழி தூர்ந்துபோக, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழர்களும், செளராஷ்டிரத்துக் குயவர்களும், பின்னால் வந்த எண்ணற்ற ஏழைகளும் சேற்றின்மேல் தாங்களே மண்ணும் குப்பையும் போட்டு இறுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். கோலியருக்குக் கடலில்லாத கோலிவாடா மிஞ்சிற்று. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸ் மழைமானியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாகி, மித்தி நதி தன் பழைய பாதையெல்லாம் தேடிக்கொண்டு வந்தபோது, பம்பாய்க்காரன் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பது தெளிவாகவே தெரிந்தது.

யோகேந்திரரின் ஸ்தாபனம் பிறந்த அதே 1918 டிசம்பரில், பதினொரு நாள் முந்தி, மைசூர் ராஜ்யத்து பெள்ளூர் கிராமத்தில் இன்ஃப்ளுவென்சாவில் படுத்திருந்த ஒரு தாய்க்கு நோஞ்சான் குழந்தை ஒன்று பிறந்தது. பி.கே.எஸ். அய்யங்கார் என்று அவர் பெயரைச் சொன்னால் மாதுங்காவில் இன்றும் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1937இல் புனாவுக்கு வந்து குடியேறிய அவரை, 1952இல் பம்பாய்க்கு வந்திருந்த வயலின் மேதை யெஹுதி மெனுஹின் சந்தித்ததும், சில நிமிஷங்களுக்கென்று ஏற்பட்ட அந்தச் சந்திப்பு மணிக்கணக்காக நீண்டு, அவர் வழியே மேலைநாட்டுக் கதவுகள் திறந்ததும் பலரும் அறிந்த கதை. புனாவிலிருந்து வாரக் கடைசியில் ரயிலேறி வந்து பம்பாயில் வகுப்பு நடத்திவிட்டுத் திரும்பும் வழக்கத்தை அவர் நெடுங்காலம் விடவில்லை. அவருடைய பெரிய உபகாரம் என்று நான் கருதுவது நாற்காலி, செங்கல், கயிறு, சுவர், மடித்த கம்பளி என்று கிடைத்ததையெல்லாம் ஆசனத்துக்குத் துணையாக்கி, முடியாதவனையும் நிலையாக நிற்கவைத்ததுதான். 1966இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் நூற்றுக்கணக்கான படங்களைப் பாருங்கள்; நின்று செய்யும் ஆசனம் ஒவ்வொன்றிலும் பாதம் பூமியைப் பற்றியிருக்கும் பற்று தெரியும்.

ஜமுக்காளத்திலிருந்து ரப்பர் பாய்க்கு வந்ததும் அவருடைய சிஷ்ய பரம்பரையால்தான். ஜெர்மனியில் கற்பித்த ஏஞ்சலா ஃபார்மர் என்ற அவருடைய ஆங்கில மாணவி, பாதம் வழுக்காமலிருக்கத் தரைவிரிப்புக்கு அடியில் போடும் ரப்பர்த் துணியைக் கத்தரித்து உபயோகித்ததிலிருந்து, இன்று உலகமெங்கும் தோளில் சுருட்டித் தொங்கும் யோகப்பாய் பிறந்தது. மான்தோல், தர்ப்பை, பலாப்பலகை, பவானி ஜமுக்காளம், ரப்பர் என்று இந்த வரிசையை நோக்கினால், இருக்கை மாறாமலிருந்த காலமே இல்லை என்பது விளங்கும்.

ஆடுகிற ஆதாரத்தின்மேல் ஆசனம் போடுவதும் பம்பாய்க்குப் புதிதன்று. மாதுங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சிவாஜி பார்க்கில், 1925இல் தொடங்கிய ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திரத்தில் மாலை வேளைகளில் மல்லகம்பம் பழகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் என்ற மல்யுத்த ஆசிரியர் புனருத்தாரணம் செய்த வித்தை இது. தமிழ்நாட்டில் விழுப்புரம் இதற்குப் பேர்போனது. நட்ட கம்பத்தின்மேல் ஏறிப் பத்மாசனம் போடுவது ஆரம்பப் பாடம். கயிற்றில் தொங்கிக்கொண்டு போடுவது அடுத்தது. நிராதார மல்லகம்பம் என்ற இன்னொரு வகையில், கண்ணாடிப் புட்டிகளின்மேல் பலகையை அடுக்கி, அதன்மேல் நடாத கம்பத்தை நிறுத்தி, அதில் ஏறி உடலை வளைக்கிறார்கள். என் பால்யத்தில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவின் ஆமைப்பலகைக்கு அடியில் இரண்டு ஹார்லிக்ஸ் புட்டிகளை வைத்துப் பரீக்ஷித்ததன் விளைவை இங்கே விவரிக்கப் போவதில்லை.

பலகைக்கு இத்தனை முன்னோர் இருக்க, துடுப்புக்கு முன்னோர் யார் என்று கேட்டால், அதற்குத் தமிழ்க் கடற்கரைக்குத்தான் போகவேண்டும். கட்டிய மரம் கட்டுமரம். இந்தச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் மேலைநாட்டாருக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் 1697இல் தம் உலகப் பிரயாண நூலை வெளியிட்ட வில்லியம் டாம்பியர் முக்கியமானவர். சோழமண்டலக் கரையில் ஒன்றிரண்டு கட்டைகளே கொண்டு, ஓர் ஆளைமட்டும் தாங்கி, அவனுடைய காலும் பின்புறமும் எப்போதும் நனைந்திருக்கும்படி மிதக்கும் விசித்திரமான வாகனம் அது என்று அவர் எழுதினார். கூடு இல்லை, விளிம்பு இல்லை, நீரை வெளியே நிறுத்தும் எண்ணமே இல்லை. அலை மேலேறி இடுக்கு வழியாக இறங்கிப் போய்க்கொண்டேயிருக்கும். ஆகையால் மூழ்கவும் தெரியாது. கவிழ்ந்தால் அதைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனத்து மிதப்புக் குறையுமென்பதே காரணம். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படாத நாளில், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொந்தளிக்கும் அலையைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோக வேறெந்தப் படகும் துணியாத வேளையில், கட்டுமரக்காரன் ஓலையால் முடைந்த கூம்புக் குல்லாயில் காகிதத்தை வைத்துத் தலையில் அணிந்துகொண்டு, மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுப் போய்வந்தான். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் தங்கள் நாட்குறிப்புகளில் அவனைக் கண்டு அதிசயித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்தச் சொல், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. சொல்லைக் கொடுத்தவனுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை.

இன்றைய துடுப்புப் பலகையின் நேர் வம்சாவளி ஹவாய்த் தீவைச் சேர்ந்தது. வைகீகி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்த உள்ளூர்ப் பிள்ளைகளுள் சிலர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மாணாக்கர்களைக் கண்காணிக்கவும் படமெடுக்கவும் வசதியாகப் பெரிய பலகையில் நின்றபடியே துடுப்புப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி லேர்ட் ஹாமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அதைத் தனிக் கலையாகவே பிரபலப்படுத்தினார்கள். அதற்குப் பத்து வருஷம் ஆகுமுன் யாரோ அதன்மேல் யோகப்பாயை விரித்துவிட்டார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது அலைச்சறுக்கையும் துடுப்புப் பலகையையும் ஊராருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, வெளியூர் போன பண்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பியதுபோல் இருந்தது.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். சர்வதேச யோக தினம் ஜூன் 21இல் வருகிறது. பம்பாய்க் கடலில் பலகை போட அதைவிடப் பொருந்தாத நாளைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் ஜூனிலும் ஜூலையிலும் மீன்பிடிப் படகுகளே கரையேறி நிற்கும். நாரளி பௌர்ணமியன்று கோலியர் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து, அதன் கோபம் தணிந்தபின்தான் நீரில் இறங்குவார்கள். நாங்கள் போனது மார்கழியில். விடியற்காலையில் கழி எண்ணெய்போல் அசைவற்றிருந்தது. பலகை எங்கே என்று கேட்டேன். தமக்கை மகள் ஒரு முதுகுப்பையைக் காட்டினாள். சுருட்டி வைத்திருந்த அதை விரித்து, கைப்பம்பினால் அளவைமுள் 15ஐத் தொடும்வரை காற்றடித்தோம். முதலில் தலையணை போலிருந்தது, கடைசியில் விரலால் சுண்டினால் மரம்போல் ஒலித்தது. உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது பலூன்போல் உருண்டுவிடாமல் தட்டையாக நிற்கிறதாம். நீளம் பத்தரை அடி, அகலம் முப்பத்துமூன்று அங்குலம். யோகத்துக்கு இந்த அகலம் வேண்டும், வேகமாகப் போகும் பலகைகள் ஒடுக்கமானவை. மிதவைச் சட்டை அணிந்து, கணுக்காலில் வாரைக் கட்டி, இடுப்பளவு நீரில் பலகையை நிறுத்தியதும், அவள் குருவானாள்.

"மாமா, மொதல்ல மண்டி போடுங்கோ. நடுவில கைப்பிடி இருக்கு பாருங்கோ, அதுக்கு ரெண்டு பக்கமும் முழங்கால்."

போட்டேன்.

"காலைப் பாக்காதீங்கோ. எதிர்க்கரையில அந்தத் தென்னையைப் பாருங்கோ."

அந்தக் கைப்பிடிதான் பலகையின் நாபி. அதன்மேல் உடலின் பாரம் விழுந்தால் பலகை தூங்குகிறது, ஒரு சாண் தள்ளி விழுந்தால் விழித்துக்கொள்கிறது. துடுப்பால் சிறிது தூரம் போய், சிறு நங்கூரத்தை இறக்கியபின், உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதில் தொடங்கினோம். பிறகு நான்கு கால்களில் நின்று முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜாரி, அடுத்து அதோமுக சுவானம். வீட்டில் முப்பது வருஷம் செய்த ஆசனங்கள்தாம், ஆனால் தரைமேல் நான் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று நீர் எனக்குக் காட்டிற்று. வலது உள்ளங்கையைவிட இடதில் அதிகம் சாய்கிறேன் என்பதை எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. பலகை உடனே சொன்னது. தளம் தடித்த சிமென்ட், நம் குறையை மன்னித்துவிடுகிறது. நீர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். பாதங்களை நிலத்தில் வைப்பதைவிட அகலமாக வைக்கவேண்டும், ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குப் போக இரண்டு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொள்ளவேண்டும், விழப்போவது தெரிந்தால் பலகையைப் பற்றாமல் அதை விட்டு விலகி நீரில் விழவேண்டும் என்ற மூன்றையும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வீரபத்ராசனத்தில் முன்காலை மடக்கியபோது தூரத்தில் ஒரு மோட்டார்ப் படகு போயிற்று. அதன் அலை எங்களிடம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷமும் அது வருவதைப் பார்த்துக்கொண்டேயிருந்ததுதான் நான் செய்த பிழை.

மூக்கில் உப்புநீரோடு மேலே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமை கவுந்துடுத்து, மாமா!"

அப்பாவின் பலகையைப் பற்றி அவளுக்குத் தெரியும். இப்போது அது செம்பூரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. மறுபடி ஏறி, கடைசியாகச் சவாசனத்தில் படுத்தேன். இரண்டு கைகளும் பலகைக்கு வெளியே நீரில் தொங்கின. மூச்சு உள்ளே போகும்போது பலகை ஒரு நூல் உயர்வதாகவும் வெளியே வரும்போது தாழ்வதாகவும் தோன்றிற்று. அது கற்பனையாகவே இருக்கலாம். சிரசாசனத்தை அவளும் வற்புறுத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

வெர்சோவாவுக்குச் சென்ற தையில் போயிருந்தேன். நௌரோஜியின் வீடு இருந்த கடற்கரை இடைக்காலத்தில் பிளாஸ்டிக் மேடாகிப் போயிருந்ததையும், அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் 2015 அக்டோபரில் அதைக் கையால் அள்ளத் தொடங்கி, வாராவாரம் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்துகொண்டதையும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2018 மார்ச் மாதம் ஒரு காலையில் அந்த மணலில் ஆலிவ் ரிட்லி ஆமைக்குஞ்சுகள் எண்பதுக்கு மேல் வெளிவந்தன. இருபது வருஷமாக அங்கே ஆமையைப் பார்த்தவர் இல்லை என்றார்கள். பத்து பன்னிரண்டு பேர் கைகோத்து இரு பக்கமும் நின்று நாயும் காக்கையும் அண்டாமல் வழிவிட, உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கறுப்புக் குஞ்சுகள் ஈர மணலில் துடுப்புப் போட்டுக்கொண்டே போயின. அலையின் நுனி தொட்டதும் காலை அசைப்பதை ஒரு கணம் நிறுத்தின. நீர் அவற்றைத் தூக்கிக்கொண்டது.